வில்லாளிக்கு வேண்டிய முடிச்சுகள்: திடலில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு காலத்தில் தோட்டத்துப் பந்துத் திடலாக இருந்த இடத்தில் ஞாயிறுதோறும் காலையில் நாங்கள் சிலர் வில் பழகுகிறோம். பழகுகிறவர்களுக்கு நாணில் நூல் கட்டிக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக ஒரே பத்துப் பதினைந்து சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி வருகிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். முடிச்சுகளுக்குத் திடலில் வழங்கும் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

அண்ணே, கடையிலேயே எல்லாத்தையும் கட்டித்தானே கொடுக்கிறாங்க, நான் எதுக்கு முடிச்சு கத்துக்கணும்?

கடையில் கட்டிக் கொடுப்பது உண்மைதான். ஆனால் நாணில் இருக்கும் நூல் வேலை எல்லாம் தேய்கிற பொருள். அம்பின் வால் மாட்டும் இடமும், நாணை இழுத்து விடுவிக்கும் ரிலீஸ் கருவி கடிக்கும் வளையமும், விரல் படும் சுற்றும் நாண் தேய்வதற்கு முன்பே தேய்ந்துவிடும். அது தேய்ந்து போவது பெரும்பாலும் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். ஒரு சாண் நூல் இல்லாததால் அன்றைய பயிற்சியே போய்விட்டது என்று வீடு திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மொத்தம் எத்தனை முடிச்சு தெரிஞ்சா போதும்?

அரை முடிச்சு (முனையை ஒருமுறை மட்டும் சுற்றி நுழைத்து இறுக்குவது), ரீஃப் நாட், கவ் ஹிட்ச், கிளோவ் ஹிட்ச் ஆகிய நான்கும் வந்துவிட்டால் இலக்கு வில்லாளியின் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இவற்றுடன் நூல் சுற்றை முடிக்கும் முறை ஒன்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். மர வில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் டிம்பர் ஹிட்ச் கூடுதலாக வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. முப்பது முடிச்சுகளின் பெயரை ஒப்பிக்கும் ஒருவருடைய நாக் முடிச்சு (அம்பின் வால் உட்காரும் இடத்தில் கட்டுவது) திடலில் இரண்டாவது அம்பிலேயே வழுக்கியதைக் கண்டேன். எந்த நூலில் கட்டுகிறோம், இழுப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற இரண்டும்தான் முடிச்சு நிற்பதை முடிவு செய்கின்றன. கீழே உள்ள பதில்களில் இதே இரண்டு விஷயங்கள் அடிக்கடி தலைகாட்டும்.

நான் ரெண்டு தடவை முடிச்சு போடுறேன், ஆனா அது கழண்டுக்கிட்டே இருக்கு. ஏன்?

பெரும்பாலும் நீங்கள் ரீஃப் நாட் என்று நினைத்துக் கிரேனி நாட் போட்டிருப்பீர்கள். பள்ளியில் சாரணர் இயக்கத்தில் ‘புக்கு சீலா’ என்று மலாயில் சொல்லிக் கொடுத்தார்களே, அதுதான் ரீஃப் நாட். முதல் சுற்றில் வலது முனையை இடது முனையின் மேல் போட்டால், இரண்டாவது சுற்றில் இடது முனையை வலது முனையின் மேல் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கத்தை மேலே போட்டால் வருவது கிரேனி. அது இறுக இறுகத் தானே நழுவும்.

கண்ணால் பிரித்தறிய எளிய வழி உண்டு. ரீஃப் நாட்டில் வெட்டிய முனைகள் இரண்டும் தம் தம் கயிற்றை ஒட்டியே படுத்திருக்கும். கிரேனியில் அவை குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். காலணி நாடாவிலும் இதையே காணலாம். பூ முடிச்சு காலணிக்குக் குறுக்காகப் படுத்தால் சரி, நீளவாக்கில் திரும்பி நின்றால் பிழை. ரீஃப் நாட் ஒரு பொருளைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதற்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு கயிறுகளை இணைத்துப் பாரம் தொங்கவிடுவதற்கு அதை நம்பக் கூடாது.

எந்த நூல் வாங்கணும்? ஹார்ட்வேர் கடை நூல் போதாதா?

இலக்குப் பலகையைக் கட்டுவதற்கு அது போதும், நாணுக்குப் போதாது. இன்றைய நாண்களில் பெரும்பாலானவை டைனிமா போன்ற இழைகளால் ஆனவை. அவை நீளாது, மிகவும் வலுவானவை, ஆனால் சோப்பு போல வழுக்கும், சூட்டையும் தாங்காது. சுமார் 145 முதல் 150 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். ரிலீஸ் கருவிக்கான வளையத்துக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பின்னல் கயிறோ உருகுவதற்கு ஏறக்குறைய 250 பாகை வேண்டும், அதன் மேற்பரப்பும் சொரசொரப்பானது. நாணின் உடல் வழுக்கும் இழையாகவும் அதன் மேல் கட்டுவது பிடிப்புள்ள நூலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பயிற்சி வில்களில் வரும் டேக்ரான் நாண் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. அது சற்று நீளும், ஆனால் முடிச்சை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்களின் முடிச்சு டேக்ரானில் நின்றுவிட்டு, அடுத்த ஆண்டு வாங்கிய நல்ல நாணில் வழுக்குவதற்கும் இதுதான் காரணம்.

நாக் முடிச்சை எப்படிக் கட்டுறது?

அம்பின் வால் ஒவ்வொரு முறையும் நாணில் ஒரே இடத்தில் உட்காருவதற்காகக் கட்டும் சிறு தடிப்புத்தான் நாக் முடிச்சு. சர்விங் நூல் (நாண் தேயாமலிருக்க அதன் மேல் சுற்றும் நூல்) ஏறத்தாழ 40 செ.மீ. எடுத்து, அதன் நடுப்பகுதியை நாணின் பின்னால் வைத்து, முன்பக்கம் ஓர் அரை முடிச்சு போட்டு இறுக்குங்கள். பிறகு முனைகளைப் பின்பக்கம் கொண்டுபோய் இன்னோர் அரை முடிச்சு போடுங்கள். இப்படி முன்னும் பின்னுமாக ஆறு முதல் எட்டு அரை முடிச்சுகளை ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கி, கடைசியில் ரீஃப் நாட் போட்டு, ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்து வெட்டிவிடலாம்.

பசை வைப்பதற்கு முன்பு உயரத்தைப் பார்த்துவிட வேண்டும். விரலால் இழுக்கும் ரீகர்வ் வில்லில், அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்திலிருந்து 6 முதல் 12 மி.மீ. வரை மேலே தொடங்குவது வழக்கம். பிறகு அம்பு பறக்கும் விதத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நன்றாகக் கட்டிய நாக் முடிச்சை இரண்டு விரலால் பிடித்துத் திருகினால் போல்ட்டில் நட்டு ஏறுவது போலச் சர்விங் சுற்றின் மேல் நிதானமாக ஏறும், இறங்கும். திருகாமல் தள்ளினாலே நகர்ந்தால் முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கட்டுறாங்களே, ரெண்டும் அம்பை ஒட்டியே இருக்கணுமா?

ஒட்டவே கூடாது. நாணை முழுதும் இழுக்கும்போது விரலைச் சுற்றி அது கூர்மையாக மடங்கும். அப்போது இரண்டு முடிச்சுகளுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கும். வாலை இறுக்கமாகப் பிடிக்கும்படி கட்டியிருந்தால், முழு இழுப்பில் அவை அதை நசுக்கி அம்பைத் தாங்கியிலிருந்து தூக்கிவிடும். எனவே ஓய்வு நிலையில் அரை முதல் ஒரு மி.மீ. வரை ஆட்டம் விட்டுக் கட்டுங்கள்.

பித்தளை வளையம் இருக்கே, நூல் எதுக்கு?

பித்தளை வளையத்தை இடுக்கியால் கவ்வவிட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும் என்பதால் பள்ளி வில்களுக்கு அது வசதிதான். ஆனாலும் அது கனமானது. நாணின் நடுவில் சேரும் ஒவ்வோர் எடையும் அம்பின் வேகத்தைக் கொஞ்சம் தின்னும். விரலுறையையும் அது கீறும். நான் நூலின் பக்கம்தான். சர்விங் நூல் கிடைக்காத நாளில் மருந்துக் கடையில் விற்கும் மெழுகு பூசிய பல் இடுக்கு நூலையே பயன்படுத்தலாம். அதிலேயே கட்டிக்கொள்ளும் போட்டி வில்லாளிகளும் உண்டு. மருந்துக் கடைக்காரர் மட்டும் என் பற்களைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் வைத்திருக்கிறார்.

காம்பவுண்ட் வில்லுக்கு டி-லூப் கட்டணும், ஒவ்வொரு படியா சொல்லுங்க.

கப்பிகள் உள்ள காம்பவுண்ட் வில்லின் நாணில், ரிலீஸ் கருவி மாட்டுவதற்குக் கட்டும் சிறு கயிற்று வளையம்தான் டி-லூப். இங்கே அவசரம் ஆகாது. சுமார் 2 மி.மீ. தடிப்புள்ள டி-லூப் கயிற்றில் 11 அல்லது 12 செ.மீ. நறுக்கிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் சற்றுப் பிரித்து விரித்துவிட்டு, லைட்டர் நெருப்பின் ஓரத்தில் காட்டினால் அவை உருகிக் காளான் குடை போலத் தடிக்கும். லைட்டரின் தகட்டால் இலேசாக அமுக்குங்கள், விரலால் அமுக்கக் கூடாது. இந்த வேலையை வில்லிலிருந்து நாலடி தள்ளி நின்று செய்யுங்கள். நாணின் இழை அந்தக் கயிற்றைவிட எவ்வளவு குறைந்த சூட்டில் உருகும் என்பதை மேலே நூல் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கயிற்றின் ஒரு முனைக்கு அருகே ஒரு மடிப்பு எடுத்து, அந்த மடிப்பை நாணின் பின்னால் வைத்து, இரண்டு பக்கக் கயிற்றையும் மடிப்புக்குள் நுழைத்து இழுத்தால் கவ் ஹிட்ச் விழும். குட்டை முனையின் குடை நாணின் ஒரு பக்கத்தில், இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம், நிற்கட்டும். இப்போது நீண்ட முனையை வளைத்துக் கீழே கொண்டுவந்து, நாணைச் சுற்றி, தன் கயிற்றின் மேலாகக் கடந்து, நாணை எதிர்த் திசையில் மறுபடி சுற்றி, அந்தக் கடப்புக்கு அடியில் நுழைத்து எடுங்கள். இதுவும் கவ் ஹிட்ச்தான், ஆனால் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பியிருக்கும். அதன் குடை வலப்பக்கம் வந்து நிற்கும். குடைகள் இரண்டும் ஒரே பக்கத்தில் நின்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால்தான் இழுக்கும்போது வளையம் நாணைச் சுற்றிக் கோணலாகத் திரும்பாமல் இருக்கும்.

கையால் இறுக்குவது போதாது. அம்பின் வாலை இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவே மாட்டி இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு, மூக்கு நீண்ட இடுக்கியை மூடியபடி வளையத்துக்குள் விட்டு, பிடியை விரித்து இரண்டு முடிச்சுகளும் ‘கிரிச்’ என்று நாணைக் கடிக்கும் வரை இழுங்கள். உள்நீளம் 12 முதல் 15 மி.மீ. வரை இருந்தால் போதும். முதல் இழுப்பை முழுதாக இழுக்காமல், இலக்குக்கு நேராக நின்று பாதி இழுத்து மெல்லத் திரும்ப விடுங்கள். சில முறை இப்படிச் செய்துவிட்டு முடிச்சை மீண்டும் பாருங்கள். வளையத்தின் நீளம் உங்கள் இழுப்பு நீளத்தோடு சேரும் என்பதால், புதிய வளையம் கட்டும்போது பழையதை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்க சொன்ன மாதிரியேதான் கட்டினேன், ஆனா முழுசா இழுத்தப்போ உருவிக்கிச்சு. எங்க தப்பு?

முதலில் அடிபடாமல் தப்பினீர்களா என்று சொல்லுங்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. டி-லூப் கயிறு தீர்ந்துபோன ஒரு நாளில் மீன்பிடிக் கடையில் வாங்கிய பின்னல் நூலை மூன்றாக மடித்து வளையம் கட்டினேன். கையால் இழுத்துப் பார்த்தபோது அசையவில்லை. ஏழாவதோ எட்டாவதோ அம்பில், முழு இழுப்பில் நிற்கும்போது வளையம் கழன்று, ரிலீஸ் பிடித்திருந்த என் கை என் வாயிலேயே குத்தியது. அம்பு மண்மேட்டைத் தாண்டிச் செம்பனைக்குள் போய்விட்டது. அப்போது அந்தப் பக்கம் யாரும் இல்லாததை நினைத்து உதட்டு வலியை மறந்தேன். அந்தப் பின்னல் நூலும் நாணைப் போன்ற வழுக்கும் இழைதான். வழுக்குவதன் மேல் வழுக்குவதைக் கட்டினால் முடிச்சின் வடிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும் நிற்காது.

கயிறு சரியான வகை என்றால் மூன்று இடங்களில் பாருங்கள்: குடை சிறுத்திருக்கும், அல்லது உருக்கும்போது கருகி உதிர்ந்திருக்கும், அல்லது இடுக்கியால் இறுக்காமல் விட்டிருப்பீர்கள். இப்போது நான் எந்த வளையம் கட்டினாலும் முடிச்சிலிருந்து நாணின் சுற்று வரை மார்க்கர் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுகிறேன். கோடு இரண்டாக உடைந்து தெரிந்தால் முடிச்சு நகர்ந்திருக்கிறது. பயிற்சிக்கு முன் அதைப் பார்க்க இரண்டு விநாடி போதும்.

நடு நாணில் சுத்தியிருக்கிற நூல் பிரிஞ்சு வருது. முடிச்சு போட்டு நிறுத்தலாமா?

அன்றைய பயிற்சியை முடிக்க வேண்டும் என்றால், பிரிந்த இடத்துக்கு மேல் நாக் முடிச்சில் சொன்னது போல நாலைந்து அரை முடிச்சும் ஒரு ரீஃப் நாட்டும் போட்டு நிறுத்தலாம். வீட்டுக்குப் போனதும் முறையாக முடித்துவிடுங்கள்.

முறையான முடிப்பில் வெளியே தெரியும் முடிச்சே கிடையாது. சுற்றி முடிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு செ.மீ. முன்பு நிறுத்தி, நூலைப் பெரிய வளையமாக விட்டு, அதன் முனையை நாணில் சற்றுத் தள்ளி வைத்து, எதிர்த் திசையில், ஏற்கெனவே சுற்றிய பகுதியை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றி வாருங்கள். பிறகு முனையைப் பழைய சுற்றின் மேல் படுக்கவைத்து விரலால் பிடித்துக்கொண்டு, வளையத்தைக் கொண்டு முன்பு போலவே சுற்றிக்கொண்டு போங்கள். புதிய சுற்று ஒன்று விழும்போதெல்லாம் எதிர்ச்சுற்று ஒன்று தானே அவிழும். எல்லாம் அவிழ்ந்ததும் அந்த முனையை இழுத்தால், மிஞ்சிய வளையம் புதிய சுற்றுகளின் அடியில் ஊர்ந்துபோய் மறையும். படிக்கும்போது தலை சுற்றும். துணி காயப்போடும் கயிற்றில், தடித்த நூல் கொண்டு ஒருமுறை செய்துவிட்டால் கை அதை மறக்காது.

நாண் அறுந்துடுச்சு சார். ரெண்டு முனையையும் சேர்த்துக் கட்டிக்கலாமா?

கூடாது. முடிச்சுக்குள் இழை கூர்மையாக மடங்கி நசுங்குவதால், எந்தக் கயிறானாலும் முடிச்சு விழுந்த இடமே அதன் மிக வலுவற்ற இடமாகிவிடும். ஒட்டிய நாண் இழுப்பில் அறுந்தால், அம்பில்லாமல் நாணை விட்டது போல வில்லின் முழு விசையும் கைகளுக்கே திரும்பிப் பாயும். அதில் வில்லே உடைந்து சிதறலாம். இழைகளில் ஒன்று மட்டும் அறுந்திருந்தாலும் நாணை மாற்றிவிடுங்கள்.

தாத்தா காலத்து மர வில்லில் கீழ் முனையில் கண்ணியே இல்லை, சும்மா சுத்தி விட்டிருக்கு. அது பிழையா?

பிழையில்லை, அதுதான் டிம்பர் ஹிட்ச். ஆங்கிலேயரின் நீள வில்லில் மேல் முனைக்குக் கண்ணியும் கீழ் முனைக்கு இந்த முடிச்சும் வழக்கம். வில் செய்வோர் முடிச்சு என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பெயரே உண்டு. வெட்டிய மரக்கட்டையை இழுப்பதற்குக் கட்டுவதும் இதேதான். நாணின் முனையை வில்லின் வெட்டுக் குழியில் சுற்றி, நாணின் உடலைச் சுற்றி எடுத்து, அந்த முனையைத் தன் மேலேயே மூன்று நான்கு முறை முறுக்கிவிட்டால் போதும். இழுப்பு இருக்கும்வரை முறுக்குகள் வில்லோடு அழுந்தி நிற்கும். இழுப்பு விட்டால் தளரும். எனவே நாணை இறக்கி வைத்திருந்த வில்லை ஏற்றும்போது முதலில் கீழ் முனையைப் பாருங்கள். இதில் ஒரு வசதி, முடிச்சை நகர்த்தி நாணின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கண்ணி வைத்த நாணில் அதைச் செய்ய நாணைக் கூடுதலாக முறுக்க வேண்டும். முறுக்கினால் நாண் குட்டையாகி, வில்லுக்கும் நாணுக்கும் இடையிலான தூரம் கூடும்.

விரலில் மாட்டுற கயிறு கடையில் வாங்கணுமா?

வேண்டாம், பழைய காலணி நாடா போதும். சுமார் 45 செ.மீ. நறுக்கி, இரு முனைகளிலும் உருவு கண்ணி ஒன்று போட்டு, ஒன்றைக் கட்டைவிரலிலும் மற்றதை வில்லின் முன்பக்கமாகச் சுற்றி ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டிக்கொள்ளுங்கள். அம்பு போனதும் வில் முன்னால் குதிக்கும், நாடா அதைப் பிடித்துக்கொள்ளும். நாடாவைக் குட்டையாகக் கட்டினால் கை தானாக வில்லை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கிவிடும்; அது நாடா கட்டிய நோக்கத்துக்கே எதிரானது.

மழை பெஞ்சா அம்பு தடுக்கிற வலை தொய்ஞ்சு போகுது, வெயில்ல இறுகுது. என்ன கயிறு, என்ன முடிச்சு?

நைலான் கயிறு தண்ணீரை உறிஞ்சி நீளும், வலுவும் கொஞ்சம் குறையும். பருத்தி, தேங்காய் நார்க் கயிறுகள் நனைந்தால் ஊதிக் குட்டையாகும். பாலியெஸ்டர் பெரிதாக மாறாது. நம் ஊர்ப் பிற்பகல் மழைக்கு அதுவே சரி. கம்பத்தை இருமுறை சுற்றி, இரண்டாவது சுற்றின் அடியில் முனையை நுழைத்துக் கிளோவ் ஹிட்ச் போட்டு, மிஞ்சிய முனையால் கயிற்றைச் சுற்றி இரண்டு அரை முடிச்சு போடுங்கள். வெறும் கிளோவ் ஹிட்ச் காற்றில் ஆட ஆட நகர்ந்து இறங்கும். அம்பு தடுக்கும் வலையை மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டாதீர்கள். தளர்ந்து தொங்கி, அடிப்பகுதி தரையில் கிடந்தால்தான் அது அம்பின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். வலை தொய்வது பற்றி எனக்கு வரும் புகார்களில் பாதி உண்மையில் புகாரே இல்லை.

வெளிநாட்டில் மரத்து மேல ஏறி வேட்டையாடுறவங்க ஒரு முடிச்சு போடுறாங்களே, அதையும் சொல்லித் தாங்க.

அது புருசிக். மரத்தோடு கட்டிய தடித்த கயிற்றைச் சுற்றி, அதைவிட மெல்லிய கயிற்றால் ஆன வளையத்தை மூன்று முறை தன் வழியாகவே நுழைத்து எடுத்தால் கிடைப்பது. பாரம் விழுந்தால் கவ்வும், பாரம் இல்லாதபோது கையால் மேலும் கீழும் நகர்த்தலாம். இரண்டும் ஒரே தடிப்பாக இருந்தால் கவ்வாது. இடுப்புப் பட்டையை அதில் இணைத்துக்கொண்டு ஏறுவார்கள். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல், மேலே போன பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்வார்கள். இணையத்தில் பார்த்து மரத்தில் பழக வேண்டாம், தெரிந்தவரோடு தரையில் பழகுங்கள்.

வேட்டையைப் பொறுத்தவரை எங்கள் திடலில் இலக்குப் பலகை மட்டும்தான். பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செம்பனைத் தோப்பில் காட்டுப்பன்றி வருகிறதே என்று வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

போட்டியில் ரீகர்வ் நாணில் எத்தனை முடிச்சு வேணும்னாலும் கட்டலாமா? குறி பார்க்க உதவியா இன்னொண்ணு கட்டினா என்ன?

கட்ட முடியாது. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி ரீகர்வ் நாணில் அம்பை நிறுத்துவதற்கான நாக் முடிச்சுகளும், உதட்டிலோ மூக்கிலோ படுவதற்கான ஒரே ஒரு சிறு இணைப்பும் மட்டுமே இருக்கலாம். கண்ணால் ஊடுருவிப் பார்க்கும் பீப் துளைக்கு ரீகர்வில் இடமில்லை, அது காம்பவுண்டுக்கு மட்டும். பலர் தவறவிடுவது இன்னொன்று: நாணை முழுதும் இழுத்து நிற்கும்போது நடுச் சர்விங் சுற்றின் முனை உங்கள் பார்வைக்குள் வரக் கூடாது, ஏனென்றால் அதுவே குறி பார்க்கும் அடையாளமாகிவிடும். ஆகவே பிரிந்த சுற்றை நான் மேலே சொன்ன அவசர முறையில் பாதியிலேயே முடிச்சு போட்டு நிறுத்தியிருந்தால், அந்த நாணோடு 70 மீட்டர் கோட்டில் போய் நிற்காதீர்கள். கருவிச் சோதனையில் நடுவர் அதைக் கண்டுபிடித்தால், கோட்டில் நிற்பதற்கு முன்பே நீங்கள் நாணை மாற்ற வேண்டியிருக்கும். மாற்று நாண் ஒன்றைச் சுற்றி, நாக் முடிச்சும் கட்டி, சில அம்புகள் எய்து பழக்கி, பையிலேயே வைத்திருங்கள்.